தீப்புண்ணும் பிஞ்சு உள்ளமும்

மதுரைக்கும் தீக்கும் உள்ள உறவு மிகப் பழமையானது. கணவனைப் பறிகொடுத்த கண்ணகி சினங்கொண்டு நகரை எரித்த கதையைச் சிலப்பதிகாரத்தில் படிக்கிறோம். அந்தப் பெருஞ்சினத்திலும் அவள் ஒன்றை மறக்கவில்லை. முதியோரையும் குழந்தைகளையும் தீண்டாதே என்று தீக்கடவுளுக்கு ஆணையிட்டாள். காப்பியத்துத் தீ அந்த ஆணைக்குக் கட்டுப்பட்டது. நம் வீட்டு அடுப்பங்கரைத் தீயோ யாருடைய ஆணைக்கும் கட்டுப்படுவதில்லை. அது முதலில் தேடிப் பிடிப்பதே குழந்தைகளைத்தானோ என்று சில வேளைகளில் எண்ணத் தோன்றுகிறது.

தீயில் சிக்கிய குழந்தையை மருத்துவமனை காப்பாற்றுகிறது. புதுத் தோலை ஒட்டுகிறது. மடங்கிய விரலை நிமிர்த்துகிறது. ஆனால் வீடு திரும்பிய அக்குழந்தை தெருவில் இறங்கி விளையாடத் துணியுமா? பள்ளிக்குத் தலைநிமிர்ந்து செல்லுமா? இவ்வினாக்களுக்கு மருந்துச் சீட்டில் விடை இல்லை. இவற்றுக்கு விடை காண உலகின் பல நாடுகளில் மருத்துவர்களும் தொண்டர்களும் கைக்கொண்டுள்ள எளிய வழி ஒன்று உண்டு. அது விளையாட்டு, விளையாட்டை நடுவில் வைத்து நடத்தும் முகாம். அதைப் பற்றிச் சிறிது விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தீ வரும் வழிகள்

உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்கின்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,80,000 பேர் தீக்காயங்களால் இறக்கின்றனர். இந்தியாவில் மட்டும் ஆண்டுக்குப் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நடுத்தரமான அல்லது கடுமையான தீக்காயம் அடைகின்றனர். இவர்களுள் குழந்தைகள் பலர்.

தவழும் பருவத்துக் குழந்தைக்குப் பகை நெருப்பன்று, கொதிநீரே. தரையில் இறக்கிவைத்த குழம்புச் சட்டி, வடித்த கஞ்சி, குளிக்கக் காய்ச்சிய வெந்நீர், சளிக்கு ஆவி பிடிக்க வைத்த பாத்திரம் ஆகிய யாவும் எட்டிப் பிடிக்கும் பிஞ்சுக் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. பள்ளிப் பருவத்தில் பட்டாசு சேர்ந்துகொள்கிறது. திரி அணைந்துவிட்டதென்று குனிந்து பார்க்கும்போது வெடிக்கும் வெடியும், வெடிக்காதவற்றைப் பொறுக்கி மருந்தைக் கொட்டிக் கொளுத்தும் விளையாட்டும் தீபாவளிதோறும் சில முகங்களை மாற்றிவிடுகின்றன. மொட்டை மாடியில் இரும்புக் கம்பியுடன் விளையாடும் சிறுவன் மேலே செல்லும் மின்கம்பியை மறந்துவிடுகிறான்.

நம் வட்டாரத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. மதுரைக்குத் தெற்கே பட்டாசுத் தொழிலின் தாயகமான சிவகாசி இருக்கிறது. 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் நாற்பதுக்குக் குறையாத உயிர்கள் மாண்டன. காயமுற்றோரில் பலர் மதுரைக்குக் கொண்டுவரப்பட்டனர். முன்பு எர்ஸ்கின் ஆஸ்பத்திரி எனப்பட்ட நம் அரசு இராசாசி மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு, மதுரைக்கு மட்டுமன்றிச் சுற்றியுள்ள பல மாவட்டங்களுக்கும் புகலிடமாக விளங்குகிறது. 2004ஆம் ஆண்டு சூலை 16ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளியில் 94 குழந்தைகளைத் தீ கொண்டுபோனதைத் தமிழகம் இன்னும் மறக்கவில்லை. இறந்தவர்களின் எண்ணிக்கையை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். தீயிலிருந்து தப்பிப் பிழைத்த குழந்தைகள் பின்னர் எப்படி வளர்ந்தார்கள் என்று கேட்பவர் சிலரே.

இவ்விடத்தில் முதலுதவி பற்றி ஒரு சொல். தீயோ கொதிநீரோ பட்ட இடத்தை உடனே குளிர்ந்த குழாய்நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். வீக்கம் காணுமுன் வளையல், மோதிரம், அரைஞாண் முதலியவற்றைக் கழற்றிவிட வேண்டும். பின்னர்த் தூய துணியால் மூடி மருத்துவமனைக்கு விரைய வேண்டும். பற்பசை, பேனா மை, மாவு, மஞ்சள், பனிக்கட்டி எதுவும் கூடாது. இந்த 20 நிமிட நீர் பின்னால் வரும் பல ஆண்டுத் துன்பத்தைக் குறைக்கக் கூடியது.

புண் ஆறிய பிறகு

புண் ஆறிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அப்போதுதான் இரண்டாம் போராட்டம் தொடங்குகிறது.

ஆழமாக வெந்த இடத்தில் தோல் தானாக முழுமையாக வளர்வதில்லை. தொடை போன்ற நல்ல இடத்திலிருந்து மெல்லிய தோலை எடுத்து மருத்துவர்கள் ஒட்டுகின்றனர். ஆறிய இடம் சிவந்து, தடித்து, மேடாக எழும்புகிறது. தாங்க முடியாத நமைச்சல் எடுக்கிறது. வடு முற்றி அடங்க ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை ஆகலாம். அதற்குள் அது சுருங்கத் தொடங்குகிறது. மூட்டின் மேல் வடு சுருங்கினால் மூட்டு மடங்கிவிடும். விரல்கள் உள்ளங்கையோடு ஒட்டிக்கொள்ளும். மேற்கை விலாவோடு பிணைந்துகொள்ளும். மோவாய் மார்பை நோக்கி இழுக்கப்படும்.

இதைத் தடுக்க மட்டை வைத்துக் கட்டுவதும், நாள்தோறும் நீட்டி மடக்கும் பயிற்சியும், உடலை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த ஆடையும் தேவை. அழுத்த ஆடையை ஒரு நாளில் 23 மணி நேரம்வரை அணியச் சொல்வார்கள். மதுரையின் சித்திரை வெயிலில் பருத்திச் சட்டையே பாரமாகும்போது, இறுக்கமான அந்த ஆடைக்குள் ஒரு குழந்தை படும் பாட்டை எண்ணிப் பாருங்கள். வடுவில் வியர்வை சுரப்பதில்லை. ஆகவே உடற்சூடு எளிதில் தணிவதும் இல்லை.

குழந்தைகளுக்கு மட்டுமே உரிய ஒரு துன்பமும் உண்டு. குழந்தை வளர்கிறது, வடு அதே அளவில் வளர்வதில்லை. எட்டு வயதில் நிமிர்ந்த விரல் பதினொரு வயதில் மீண்டும் மடங்கலாம். எனவே வளர்ச்சி நிற்கும்வரை மீண்டும் மீண்டும் அறுவை மருத்துவம் தேவைப்படலாம். ஒவ்வொரு முறையும் பள்ளி தடைப்படுகிறது. ஒவ்வொரு முறையும் அச்சம் புதிதாகிறது.

கண்ணால் சுடுவது

தீயினால் பட்ட புண்ணையும் சொல்லினால் பட்ட காயத்தையும் ஒப்பிட்டுப் பின்னதே கொடிது என்றார் வள்ளுவர். தீக்காயம் பட்ட குழந்தைக்கோ இரண்டும் சேர்ந்து வருகின்றன. முதலில் தீ சுடுகிறது. பிறகு ஊர் சுடுகிறது. ஊர் சொல்லால் மட்டும் சுடுவதில்லை, கண்ணாலும் சுடுகிறது.

என் வாழ்வில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் ஆறாம் வகுப்பில் படித்தபோது எங்கள் வகுப்பு மாணவன் ஒருவன் தீபாவளியன்று புஸ்வாணம் வெடித்துக் கையும் கன்னமும் வெந்தான். பொங்கல் விடுமுறைக்குப் பிறகு பள்ளிக்கு வந்தான். அன்று மாலை ‘பூப்பறிக்க வருகிறோம்’ ஆடினோம். கைகோத்து வரிசையாக நிற்க வேண்டும். அவனுக்கு அடுத்து நின்றவன் நான். அவன் கையை நீட்டினான். நான் என் கையைக் கொடுக்கவில்லை. என் சட்டை நுனியைக் கொடுத்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு அந்த ஆட்டத்தை ஆடி முடித்தான். மறுநாளிலிருந்து விளையாட்டு நேரத்தில் வகுப்பறையிலேயே உட்கார்ந்திருந்தான். ஆண்டு முடிவில் பள்ளியைவிட்டே நின்றுவிட்டான்.

நான் அவனை ஏசவில்லை, கேலி செய்யவில்லை. ஒட்டிக்கொள்ளுமோ என்று பயந்தேன், அவ்வளவுதான். வடு தொற்றுநோய் அன்று என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கையைப் பிடித்தால் அவனுக்கு வலிக்குமா என்று கேட்கவும் எனக்குத் தெரியவில்லை. அறியாமையால் செய்த பிழைதான். ஆனால் அதன் பயனை அனுபவித்தவன் நானல்லன்.

வீட்டிலும் இத்தகைய பிழைகள் நேர்கின்றன, அதுவும் அன்பின் பெயரால். குழந்தை பார்த்து அழும் என்று கண்ணாடியை எடுத்து ஒளித்து வைக்கிறார்கள். கலியாணம், திருவிழா என்றால் பாட்டியோடு வீட்டில் விட்டுச் செல்கிறார்கள். பெண் குழந்தை என்றால், “இவளை நாளைக்கு யார் கட்டிக்குவா?” என்று அவள் காதுபடவே கேட்கிறார்கள். சட்டியைத் தரையில் இறக்கி வைத்தவள் நான்தானே என்று தாய் தன்னையே நொந்துகொள்கிறாள். அந்தக் குற்ற உணர்ச்சியில் குழந்தையை எதுவும் செய்யவிடாமல் பொத்திப் பொத்தி வளர்க்கிறாள். வேறு சில வீடுகளில் பத்தியம் என்று முட்டையையும் பருப்பையும் நிறுத்திவிடுகிறார்கள். புதுத் தோல் வளரப் புரதமே முதல் தேவை என்பதை அவர்கள் அறியார்.

உளவியலார் கண்ட உண்மை ஒன்று இங்கே குறிப்பிடத்தக்கது. வடு எவ்வளவு பெரியது என்பதைக்கொண்டு உள்ளத்தின் துன்பத்தை அளக்க முடியாது. சிறு வடுவுடன் முடங்கிப்போனவரும் உண்டு. பெரு வடுவுடன் சிறந்து வாழ்பவரும் உண்டு. வீட்டாரும் தோழரும் எவ்வாறு நடந்துகொள்கிறார்கள் என்பதே பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. அப்படியானால் மருந்தின் ஒரு பகுதி நம் கையில் இருக்கிறது என்றுதானே பொருள்?

வெறித்துப் பார்க்காத ஊர்

இந்த உண்மையை முதலில் செயலில் காட்டியவர்களுள் ஒருவர் ஆர்ச்சிபால்டு மெக்கிண்டோ என்னும் அறுவை மருத்துவர். நியூசிலாந்தில் பிறந்த இவர் இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தின் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்னும் சிற்றூர் மருத்துவமனையில் பணியாற்றினார். எரிந்த வானூர்திகளிலிருந்து மீட்கப்பட்ட இளம் வீரர்கள் முகமும் கையும் சிதைந்த நிலையில் அவரிடம் வந்தனர். அவர் தோலை மட்டும் ஒட்டி அனுப்பிவிடவில்லை. ஊராரிடம் பேசினார். இவர்களைக் கண்டால் வெறித்துப் பார்க்காதீர்கள்; வீட்டுக்கு அழையுங்கள்; விருந்தில் பங்கு கொடுங்கள் என்று வேண்டினார். ஊரார் அவ்வாறே செய்தனர். ‘வெறித்துப் பார்க்காத ஊர்’ என்று அச்சிற்றூர் பெயர் பெற்றது.

அவ்வீரர்கள் 1941ஆம் ஆண்டு தமக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டனர். புதிய அறுவை முறைகள் தம்மீது சோதித்துப் பார்க்கப்படுவதை எண்ணிச் சிரித்து, ஆய்வுக்கூடத்துச் சீமைப்பெருச்சாளியின் பெயரையே சங்கத்துக்குச் சூட்டினர். போர் முடியும்போது அதில் 649 உறுப்பினர்கள் இருந்தனர். தம்மைப் போன்றவரோடு கூடியிருப்பதும், கூடிச் சிரிப்பதும், தம்மை மனிதராக நடத்தும் ஊர் ஒன்று இருப்பதும் ஆகிய இம்மூன்றும் அவர்களை மீண்டும் வாழ்வில் நிறுத்தின. பிற்காலத்துச் சிறுவர் முகாம்களிலும் இம்மூன்றையே காண்கிறோம்.

முகாம் தோன்றிய கதை

1963இல் வானூர்தி விபத்தில் வெந்து பிழைத்த ஆலன் பிரெசுலோ என்பவர் 1977ஆம் ஆண்டு அமெரிக்காவில் ‘பீனிக்சு சங்கம்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். தன் சாம்பலிலிருந்தே உயிர்த்தெழும் பறவையின் பெயர் அது. 1983ஆம் ஆண்டு அந்நாட்டின் கொலராடோ மாநிலத்தில் குழந்தைகள் மருத்துவமனை ஒன்று தீக்காயம் பட்ட சிறுவர்களை மலையடிவாரத்துக்கு அழைத்துச் சென்று முகாம் நடத்தியது. இவ்வகையில் தொடக்க கால முகாம்களுள் அதுவும் ஒன்று. குதிரை ஏறுதல், பாறை ஏறுதல், நடைப்பயணம் எனச் சிறுவர்கள் அங்கே பல செய்தனர். பின்னர் இம்முறை பல நாடுகளுக்குப் பரவியது.

முகாமில் அப்படி என்ன நடக்கிறது? முதல் நாள் முழுக்கைச் சட்டையும் தலைத்துணியுமாக வந்து ஓரத்தில் நிற்கும் குழந்தை, சுற்றிலும் பார்க்கிறது. தன்னைப் போலவே கழுத்தில் வடு உள்ள இன்னொருத்தி ஊஞ்சலில் ஆடுகிறாள். விரல் இழந்த ஒருவன் பந்து எறிகிறான். ‘நான் மட்டும்தான் இப்படி’ என்ற எண்ணம் அங்கேயே உடையத் தொடங்குகிறது. இரண்டாம் நாள் முழுக்கைச் சட்டையின் கை மடிக்கப்படுகிறது. ஒருவருக்கொருவர், “உனக்கு எப்படி ஆச்சு?” என்று கேட்கிறார்கள். அவர்களுக்குள் அது காயப்படுத்தும் கேள்வியாக இருப்பதில்லை, அறிமுகக் கேள்வியாகிவிடுகிறது. சிறு வயதில் வெந்து இன்று வேலை, குடும்பம் என வாழும் பெரியவர்கள் தொண்டர்களாக வருவது இன்னும் சிறப்பு. நாளை தானும் இப்படி வாழலாம் என்பதற்குக் குழந்தைக்கு அதைவிடச் சான்று வேறு வேண்டுமா?

முகாம் மந்திரக்கோல் அன்று என்பதையும் சொல்ல வேண்டும். முகாமுக்குப் பின் தன்மதிப்பு உயர்ந்ததாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. அளவுகோலில் பெரிய மாற்றம் தெரியவில்லை என்று வேறு சில கூறுகின்றன. சில நாள் மகிழ்ச்சி ஆண்டு முழுதும் நிற்க வேண்டுமானால் வீடும் பள்ளியும் துணைநிற்க வேண்டும். முகாம் தொடக்கமே, முடிவன்று.

நமக்கு அருகில்

வெளிநாட்டுச் செய்திகளையே சொல்வானேன்? பெங்களூரில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி அடுப்பு வெடித்ததில் முகமும் கழுத்தும் உடலும் வெந்தாள். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல அறுவைகள் செய்து அவளைக் காப்பாற்றினர். கேலிக்கும் வெறித்த பார்வைக்கும் நடுவே படித்த அச்சிறுமி, தன்னைக் காத்த அதே மருத்துவமனைக்கு உருச்சீரமைப்பு அறுவை மருத்துவராகத் திரும்பிவந்து அத்துறைக்குத் தலைமையும் ஏற்றார். அவரே மருத்துவர் பிரேமா தனராச். 1999ஆம் ஆண்டு ‘அக்னி ரக்சா’ என்னும் தொண்டு நிறுவனத்தைத் தொடங்கித் தீக்காயமுற்ற ஏழைகளுக்கு மருத்துவமும் மறுவாழ்வும் கிடைக்க வழிசெய்தார். 2024ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது. கட்டுப் பிரிக்கும் வேளையில் அலறும் குழந்தையிடம், “எனக்கும் இப்படித்தான் இருந்தது” என்று சொல்லத் தகுதியுள்ள மருத்துவர் எத்தனை பேர்?

சென்னைக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு தமிழகத்தில் பெயர் பெற்றது. அந்நகரில் 2001ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பி.சி.வி.சி. என்னும் தொண்டு நிறுவனம் தீக்காயமுற்ற பெண்களுக்கு ஆறுதலுரை, பயிற்சி, வேலைவாய்ப்பு எனத் துணைநின்று வருகிறது. எனவே விதை நம் மண்ணில் விழாமல் இல்லை. குழந்தைகளுக்கென, விளையாட்டை முதன்மையாக வைத்து, நம் மதுரைச் சமவெளியிலும் அதை வளர்ப்பதே இப்போது வேண்டுவது.

விளையாட்டே மருந்து

‘கையை நீட்டு, மடக்கு, இன்னும் பத்து முறை’ என்றால் குழந்தை அழும். அதே அசைவை விளையாட்டாக்கினால் நூறு முறை செய்யும். நம் முன்னோர் தந்த விளையாட்டுகளை இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் வியப்புத் தோன்றுகிறது.

சொட்டாங்கல் ஆடும்போது உள்ளங்கை விரிகிறது. புறங்கையில் கல்லை ஏந்த மணிக்கட்டு திரும்புகிறது. பல்லாங்குழியில் ஒவ்வொரு குழியிலும் புளியங்கொட்டையைப் போடக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்கின்றன. பம்பரத்தில் சாட்டை சுற்ற விரல்களும், வீச மேற்கையும் தோளும் வேலை செய்கின்றன. பாண்டி ஆட்டம் முழங்காலையும் கணுக்காலையும் நிமிர்த்துகிறது. அக்குள் சுருங்கிய குழந்தைக்கு ஊஞ்சல் கயிற்றை உயரப் பிடிப்பதே பயிற்சி. கழுத்து இழுத்துக்கொண்ட குழந்தை பட்டம் பறக்கவிடும்போது தன்னை அறியாமல் அண்ணாந்து பார்க்கிறது. உறியடியில் கையும் கழுத்தும் ஒருங்கே உயர்கின்றன. வாயோரம் சுருங்கிய குழந்தைக்குப் பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பி செய்து கொடுத்தால் போதும். இதழ்கள் வேலை செய்யத் தொடங்கிவிடும். களிமண் பிசைவது விரலுக்கும் நல்லது, மனத்துக்கும் நல்லது.

கும்மியை நான் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். அதில் ஒருவர் கை மற்றொருவர் கையைத் தொடுகிறது. பல மாதங்களாக மருந்திடும் கையைத் தவிர வேறு கை தொடாத ஒரு குழந்தைக்கு, பாட்டோடு வந்து மோதும் தோழியின் உள்ளங்கை எத்தனை பெரிய செய்தி!

சொப்பு விளையாட்டுக்கும் இடம் உண்டு. மரப்பாச்சிக்குக் கட்டுப் போட்டு, ஊசி குத்தி, “அழாதே, ஆறிரும்” என்று குழந்தை சொல்லும்போது, இதுவரை தனக்கு நேர்ந்ததைத் தானே நடத்துபவளாக மாறுகிறாள். அச்சத்தை அடக்க இது நல்ல வழி என மருத்துவமனைகள் கண்டுள்ளன. கட்டு மாற்றும் வேளையில் சோப்புக் குமிழி ஊதச் சொல்வதும் இவ்வகைப்பட்டதே. ஊதும் மூச்சு நீளும்போது வலியின் மேல் உள்ள கவனம் குறைகிறது.

புது வடு மென்மையானது, உராய்ந்தால் கொப்புளிக்கும். ஆகவே கபடியும் கிட்டிப்புள்ளும் மருத்துவர் இசைவு தந்த பிறகே ஆட வேண்டும். எந்தக் குழந்தை எதை ஆடலாம் என்பதை உடற்பயிற்சி மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

மதுரையில் ஒரு முகாம்

நாட்டு நலப்பணித் திட்டம் 1969ஆம் ஆண்டு, காந்தியடிகளின் நூற்றாண்டில் தொடங்கப்பெற்றது. ஆண்டுதோறும் ஏழு நாள் சிறப்பு முகாமுக்கு நாம் சிற்றூர்களுக்குச் செல்கிறோம். முகாம் நடத்தும் பழக்கம் நமக்குப் புதிதன்று. அந்தப் பழக்கத்தைக்கொண்டு மூன்று நாள் சிறுவர் முகாம் ஒன்றை நடத்த முடியாதா?

காலம், அரையாண்டுத் தேர்வுக்குப் பிந்திய மார்கழி விடுமுறை. கோடையில் நடத்தக் கூடாது. வியர்க்காத வடுவுக்கு வெயில் பகை. இடம், அழகர்மலை அடிவாரம் போன்ற மரநிழல் மிக்க இடம். குழந்தைகள் முப்பது பேருக்கு மேல் வேண்டா. இரண்டு குழந்தைக்கு ஒரு தொண்டர் வீதம் இருத்தல் நலம். மருத்துவமனையின் இசைவும் பெற்றோரின் ஒப்புதலும் இன்றியமையாதவை. செவிலியர் ஒருவரும் உடற்பயிற்சி மருத்துவர் ஒருவரும் உடனிருக்க வேண்டும். குடிநீர், தொப்பி, பருத்தி முழுக்கை ஆடை, வடுவில் தடவத் தேங்காயெண்ணெய், முட்டையும் பருப்பும் சேர்ந்த உணவு ஆகியவற்றை முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும்.

தொண்டர்களுக்கு ஒரு நாள் பயிற்சி வேண்டும். அதன் முதற்பாடம், “ஐயோ பாவம்” என்ற சொல்லை மறப்பது. இரண்டாம் பாடம், குழந்தை தானே செய்யக்கூடியதை நாம் செய்து கொடுக்காமல் காத்திருப்பது. சட்டைப் பொத்தானைப் போட ஐந்து நிமிடம் ஆனாலும் அந்த ஐந்து நிமிடம் அதனுடைய வெற்றிக்கு உரியது. மூன்றாம் பாடம், படம் எடுக்காமை. குழந்தையின் துன்பம் நம் ஆண்டறிக்கைக்கு அணி அன்று.

முகாமில் மாலை வேளையில் தீமூட்டிச் சுற்றி அமர்ந்து பாடுவது வழக்கம். இங்கே அதை எண்ணிப் பார்த்தே செய்ய வேண்டும். தீக்குச்சி உரசும் ஒலியே சில குழந்தைகளை நடுங்கச் செய்யும். முதல் மாலை கைவிளக்கு ஒளியில் கதை சொல்லலாம். மூன்றாம் மாலை ஓர் அகல் விளக்கை நடுவில் வைத்து, விரும்புவோர் ஏற்றலாம் என்று விட்டுவிடலாம். கட்டாயம் கூடாது. ஒரு குழந்தை முன்வந்து ஏற்றினாலும் போதும். தீ தனக்கு எசமானன் அல்லன் என்று அது அறிந்துகொள்ளும்.

பெற்றோருக்கென ஒரு பிற்பகல் ஒதுக்க வேண்டும். அங்கே அறிவுரையைவிட உரையாடலே பயன் தரும். தன்னைப் போலவே குற்ற உணர்வில் வாடும் இன்னொரு தாயைக் காண்பது ஒருத்திக்கு எத்தனையோ பாரத்தை இறக்கி வைக்கும்.

வகுப்பறைக்குத் திரும்பும் வழி

முகாமில் கற்றது தெருவில் பயன்பட வேண்டும். 1970இல் கார் தீப்பற்றி எரிந்ததில் முகம் சிதைந்த சேம்சு பார்ட்ரிச்சு என்ற ஆங்கில இளைஞர், 1992ஆம் ஆண்டு முகவேறுபாடு உடையோருக்கென ஓர் அமைப்பை நிறுவினார். பிறர் வெறித்துப் பார்த்தால் என்ன செய்வது, கேட்டால் என்ன சொல்வது என்பவற்றை முன்பே ஒத்திகை பார்த்து வைத்துக்கொள்ளுமாறு அது கற்பிக்கிறது. பீனிக்சு சங்கமும் ஐந்தைச் சொல்லித் தருகிறது. மனத்துக்குள் தனக்குத்தானே நல்ல சொல், இனிய குரல், எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்த்தல், நிமிர்ந்த நிலை, புன்னகை என்பன அவை.

இதை நாடகமாக நடித்துப் பழகலாம். பேருந்தில் ஒரு பாட்டி, “ஏம்பா, மூஞ்சியில என்ன?” என்று கேட்கிறாள். குழந்தை தலைகுனியாமல், “சின்னப்பிள்ளையில சுடுதண்ணி கொட்டிருச்சு பாட்டி. இப்ப வலிக்கல. நீங்க எந்த ஊருக்குப் போறீங்க?” என்று பேச்சை மாற்றிவிடுகிறது. பத்து முறை நடித்துச் சிரித்தால் பதினோராம் முறை உண்மையிலேயே அச்சம் இருக்காது.

குழந்தையை மட்டும் பழக்கினால் போதாது. வகுப்பையும் பழக்க வேண்டும். குழந்தையும் பெற்றோரும் விரும்பினால், அது பள்ளிக்குத் திரும்புமுன் ஆசிரியரோ தொண்டரோ வகுப்பில் பதினைந்து நிமிடம் பேசலாம். என்ன நேர்ந்தது, அழுத்த ஆடை எதற்கு, இது தொற்றாது, கையைப் பிடிக்கலாம், வெயிலில் நெடுநேரம் நிற்க முடியாது என்று எளிமையாகச் சொன்னால் போதும். அழுத்த ஆடையைத் தொட்டுப் பார்க்கக் கொடுத்தால் ஆவல் தீர்ந்துவிடும். ஆவல் தீர்ந்த பிள்ளைகள் வெறித்துப் பார்ப்பதில்லை, விளையாடக் கூப்பிடுகிறார்கள்.

முடிவாக

மாணவ நண்பர்களே! நம்முள் பலர் நாளை ஆசிரியராகப் போகிறோம். சிலர் அலுவலராகவும் பெற்றோராகவும் ஆவோம். தீக்காயமுற்ற குழந்தை ஒன்று நம் வகுப்பிலோ, நம் தெருவிலோ, நம் வீட்டிலோ வந்து நிற்கக்கூடும். அறுவைக் கத்தி நம் கையில் இல்லை, பெரும்பொருளும் இல்லை. ஆனால் கண் இருக்கிறது. அதை வெறிக்காமல் வைத்துக்கொள்ளலாம். சொல் இருக்கிறது, அதைச் சுடாமல் பேசலாம்.

கையும் இருக்கிறது. அன்று நான் சட்டை நுனியை நீட்டியபோது அந்தத் தோழன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் நினைவில் இருக்கிறது. அவன் எங்கிருக்கிறான் என்று அறியேன். அவனுக்குக் கொடுக்கத் தவறிய கையை, அடுத்து வரிசையில் வந்து நிற்கும் குழந்தைக்காவது கொடுக்க வேண்டும் என்பதே என் அவா. அழகர்மலை அடிவாரத்தில் அப்படி ஒரு முகாம் கூடுமானால், முதல் நாள் முதல் விளையாட்டாகப் ‘பூப்பறிக்க வருகிறோம்’ ஆடுவோம்.